பழைய டிரக்கில் பவர் ஸ்டீயரிங் பம்பை மாற்றுவதற்கு முன்னும் பின்னும்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்: பழைய டிரக். ரேக் (பல் பட்டை) வகை இல்லை, கியரும் ஹைட்ராலிக் பிஸ்டனும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் ஸ்டீயரிங் பாக்ஸ். முன்னால் அகலமான டயர் ஏறியிருக்கிறது. சாலையில் ஓடும்போது குறை ஒன்றும் இல்லை. நின்ற இடத்தில் ஒடித்தால் ஸ்டீயரிங் இறுகுகிறது, கடைசி வரை ஒடித்தால் பம்ப் முனகுகிறது. பெரிய பம்ப் ஒன்றை மாட்டினால் தீருமா? மாட்டுவதென்றால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

தீரலாம். ஆனால் "பெரிய பம்ப்" என்று பொதுவாகச் சொல்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. பம்பில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆயில் தள்ளுகிறது என்பது ஒன்று. எந்த அழுத்தம் வரை தள்ளிவிட்டு, அழுத்தம் மிஞ்சாமல் காக்கும் ரிலீஃப் வால்வைத் திறக்கிறது என்பது இன்னொன்று. சக்கரம் எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்பதை லிட்டர் முடிவு செய்கிறது. எவ்வளவு பலமாகத் திரும்பும் என்பதை அழுத்தம் முடிவு செய்கிறது. உங்கள் வண்டியில் குறைவது இதில் எது என்று தெரிந்த பிறகுதான் பம்பின் பக்கம் போக வேண்டும். இரண்டுமே குறையாமல், கோளாறு வேறெங்கோ இருப்பதும் அடிக்கடி நடக்கிற கதைதான்.

ஒரு சின்ன பின்கதை இங்கே உதவும். பவர் ஸ்டீயரிங்கே டிரக் ஓட்டுகிறவர்களின் தோள்வலியைப் பார்த்து வந்த யோசனைதான். பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தின் டிரக் பிரிவில் எஞ்சினியராக இருந்த ஃபிரான்சிஸ் டேவிஸ் 1920-களில் அதை உருவாக்கினார்; காரில் விற்பனைக்கு வந்தது 1951-ல், கிறைஸ்லர் இம்பீரியலில். அவர் ஏற்பாட்டில் ஆயில் எப்போதும் தடையில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் வால்வு வழியைக் குறுக்கும். அப்போதுதான் அழுத்தம் ஏறும். இன்றும் உங்கள் டிரக்கில் நடப்பது அதுதான். அதாவது பம்ப் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. அது ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவே. எதிர்ப்பு எவ்வளவோ அவ்வளவு அழுத்தம். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

பெரும்பாலான பழைய டிரக்குகளில் இருப்பது வேன் பம்ப். ரோட்டரில் வெட்டிய பள்ளங்களில் மெல்லிய தகடுகள் உட்கார்ந்திருக்கும். ரோட்டர் சுற்றும்போது அவை வெளியே வந்து, முட்டை வடிவ வளையத்தின் உட்சுவரை ஒட்டிக்கொண்டு ஓடும். ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உறிஞ்சி இரண்டு முறை தள்ளும். எஞ்சின் வேகம் கூடினால் ஆயிலும் அதே கணக்கில் கூடும். ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) போதுமான அளவு தரும் பம்ப், எஞ்சின் 3000 ஆர்பிஎம் ஓடும்போது நான்கு மடங்கு தந்துவிடும். அவ்வளவையும் பாக்ஸுக்கு அனுப்பினால் ஸ்டீயரிங் கையில் நிற்காது. அதற்காகத்தான் பம்புக்குள் ஃப்ளோ கன்ட்ரோல் வால்வு. ஆயில் வெளியேறும் ஃபிட்டிங்கில் ஒரு சிறு துளை இருக்கும். துளைக்கு முன்னும் பின்னும் ஏற்படும் அழுத்த வித்தியாசம், வால்வுக்குள் நகரும் உருளையான ஸ்பூலைத் தள்ளும். ஸ்பூல் நகர்ந்து, தேவைக்கு மேலான ஆயிலைப் பம்புக்குள்ளேயே திருப்பிவிடும். பல டிரக்குகளில் வந்த சாகினா பம்பில் இதே ஸ்பூலின் வயிற்றுக்குள் ஒரு குட்டிப் பந்தும் ஸ்பிரிங்கும் இருக்கும். அதுதான் ரிலீஃப் வால்வு.

இதிலிருந்து வருகிற ஒரு முடிவைப் பலரும் கவனிப்பதில்லை. பெரிய கொள்ளளவுள்ள பம்பை வாங்கி, அதில் பழைய அளவிலேயே துளை இருந்தால், ஓட்டத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது. வித்தியாசம் ஐடிலில் மட்டும்தான் தெரியும். உங்கள் தொல்லை நின்ற இடத்தில் ஒடிக்கும்போது என்பதால் அது போதுமானதாகவும் இருக்கலாம். "பெரிய பம்ப் போட்டேன், ஹைவேயில் ஒன்றும் மாறவில்லை" என்று சொல்கிறவர்களின் வண்டியில் எல்லாம் சரியாகத்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

சரி, எவ்வளவு ஆயில் வேண்டும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் பாக்ஸின் பிஸ்டன் 80 மி.மீ. விட்டம், ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 70 மி.மீ. நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் பரப்பு ஏறக்குறைய 50 சதுர செ.மீ.; முழு ஓட்டத்துக்கு 350 மி.லி. ஆயில். லாக்கிலிருந்து லாக்குக்கு, அதாவது ஒரு பக்கக் கடைசியிலிருந்து மறு பக்கக் கடைசி வரை, ஸ்டீயரிங் நான்கு சுற்று. அவசரமாகத் திருப்பும்போது கை விநாடிக்கு ஒன்றரைச் சுற்று போகும் என்றால், அந்த 350 மி.லி. இரண்டே முக்கால் விநாடிக்குள் போய்ச் சேர வேண்டும். நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 8 லிட்டர். இதற்குக் குறைந்தால், கை முந்திக்கொள்ளும், ஆயில் பின்தங்கும், ஸ்டீயரிங் திடீரென்று கல்லாகும்.

இப்போது பம்ப் பக்கம். ஒரு சுற்றுக்கு 10 மி.லி. தள்ளும் பம்ப், எஞ்சின் ஐடில் 750 ஆர்பிஎம், புல்லிகள் சம அளவு என்றால் 7.5 லிட்டர். சூடான ஆயில், தேய்ந்த வேன்கள் என்று உள்கசிவுக்கு 15 சதவீதம் கழித்தால் 6.4 லிட்டர்தான் மிச்சம். 8 வேண்டிய இடத்தில் 6.4. அதே ஐடிலில் 14 மி.லி. பம்ப் இருந்தால் கசிவு போக 8.9 லிட்டர் வரும். பம்பை மாற்றாமல், பம்ப் புல்லியை ஐந்தில் ஒரு பங்கு சிறிதாக்கினாலும் 8 லிட்டர் வந்துவிடும். ஆனால் எஞ்சின் 4500 ஓடும்போது பம்ப் 5600 சுற்றும். உறிஞ்சும் பக்கம் ஆயில் வந்து சேராமல் குமிழி கட்டிப் பம்பைத் தின்னும். மெதுவாக ஓடும் டீசல் எஞ்சினுக்குச் சின்ன புல்லி நல்ல வழி. அடித்து ஓட்டும் பெட்ரோல் எஞ்சினுக்கு நான் சொல்ல மாட்டேன். உங்கள் பாக்ஸ், பம்ப் அளவுகளைப் போட்டு இதே கணக்கை நீங்கள் பத்து நிமிடத்தில் செய்துவிடலாம்.

அழுத்தக் கணக்கு இன்னும் சுலபம். 100 பார் அழுத்தம் (ஒரு பார் என்பது சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய ஒரு கிலோ), 50 சதுர செ.மீ. பரப்பு: பிஸ்டனில் 5 டன் தள்ளுவிசை. டயர் அகலமானால், அல்லது வெளியே தள்ளிய ரிம் போட்டால், டயரைத் தரையில் தேய்த்துத் திருப்பத் தேவையான விசை கூடுகிறது. காற்றுக் குறைவாக இருந்தாலும் அப்படித்தான். முன் டயரின் காற்றைச் சரிபார்ப்பதற்குக் காசு செலவாகாது. அதை முதலில் செய்யுங்கள்.

இனி, குறைவது எது என்று கண்டுபிடிக்கும் வேலை. கருவி இல்லாமலே நிறையத் தெரிந்துகொள்ளலாம். ஆயில் சூடானதும் நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை மெதுவாக ஒடித்துப் பாருங்கள். மெதுவாகத் திருப்பினால் லேசாகவும், வேகமாகத் திருப்பினால் இறுகியும் போனால் லிட்டர் போதவில்லை. ஒருவரை ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதிக்கச் சொல்லுங்கள். அப்போது லேசானாலும் அதே முடிவுதான். எவ்வளவு மெதுவாகத் திருப்பினாலும், எஞ்சினை ரேஸ் செய்தாலும் இறுக்கம் அப்படியே இருந்தால் அழுத்தம் போதவில்லை, அல்லது எங்கோ பிடிக்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் இறுகி, சூடானதும் சரியாகிறது என்றால் வால்வைச் சுற்றியுள்ள டெஃப்லான் வளையங்களும் அவை ஓடும் சுவரும் தேய்ந்திருக்கலாம். இது ரேக்கில் அதிகம் வரும் தொல்லை. நேர்மாறாக, காலையில் நன்றாக இருந்து ஓட ஓட இறுகினால் பம்புக்குள் கசிவு என்று சந்தேகப்படலாம்.

பிடிப்பு இருக்கிறதா என்று பார்க்க, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, பாக்ஸைச் சக்கரங்களோடு இணைக்கும் டிராக் லிங்க்கைக் கழற்றிவிட்டுச் சக்கரங்களைக் கையால் திருப்புங்கள். சுலபமாகத் திரும்ப வேண்டும். கனமாக இருந்தால், சக்கரம் திரும்பும் மூட்டான கிங் பின்னோ பால் ஜாயின்டோ காய்ந்து கிடக்கிறது. கிரீஸ் போட்டும் இளகாவிட்டால் மாற்ற வேண்டியதுதான். பிறகு பாக்ஸ் பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். ஸ்டீயரிங் தண்டிலுள்ள யுனிவர்சல் ஜாயின்ட் துருப்பிடித்திருந்தால் ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் இறுகி இறுகி விடும். பாக்ஸின் மேலுள்ள ஸ்குரூவை யாராவது ஆட்டம் எடுப்பதற்காக அதிகமாக முறுக்கியிருந்தால் நடுவில் இறுகும், திருப்பிய பிறகு தானாக நேராகாது. இந்தக் கோளாறுகள் எதையும் எந்தப் பம்பும் சரிசெய்யாது. பலமான பம்ப் போட்டால் கொஞ்ச நாள் மறைக்கும். அது இன்னும் மோசம்.

அடுத்து கேஜ். பம்புக்கும் பாக்ஸுக்கும் நடுவில் பிரஷர் கேஜும், கேஜுக்கு அப்புறம் பாக்ஸ் பக்கமாக அடைக்கும் வால்வும் வைத்த டெஸ்டர் கிடைக்கும். ஆயிலைச் சூடாக்கி, வால்வைத் திறந்து வைத்து, சக்கரம் நேராக இருக்கும்போது ஐடிலில் பாருங்கள். பத்து பாருக்கும் குறைவாகத்தான் காட்ட வேண்டும். கூடுதலாக இருந்தால் ரிட்டர்ன் ஹோஸ் எங்கோ அடைத்திருக்கிறது, மடிந்திருக்கிறது. அடுத்து வால்வை மூடுங்கள். ஐந்து விநாடிக்கு மேல் மூடி வைக்கவே கூடாது. பம்ப் தன்னுடைய ரிலீஃப் அழுத்தத்தைத் தொட வேண்டும். தொடாவிட்டால் பம்ப் போய்விட்டது. தொட்டால், வால்வைத் திறந்துவிட்டு ஸ்டீயரிங்கை லாக் வரை ஒடித்துப் பாருங்கள். இப்போது அந்த அழுத்தம் வரவில்லை என்றால் பம்ப் நல்ல பம்ப். பாக்ஸுக்குள் பிஸ்டன் சீலோ வால்வோ கசிகிறது. புதுப் பம்புக்குச் செலவழிக்க வைத்திருந்த பணம் பாக்ஸுக்குப் போக வேண்டியது.

கேஜ் வைத்துப் பார்த்து பம்ப் தேய்ந்திருப்பது உறுதியானால், என் முதல் ஆலோசனை சலிப்பூட்டும்: அதே வகையில் நல்ல நிலையில் உள்ள பம்ப் ஒன்றைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். வண்டி புதிதாக வந்த நாளில் அந்தப் பம்ப் எப்படித் தள்ளியது என்பது பழைய டிரக் வைத்திருக்கும் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பலவீனமானதை "இதன் சக்தியே இவ்வளவுதான்" என்று எடுத்துக்கொள்கிறோம்.

அதற்கு மேலும் வேண்டும் என்றால்தான் உண்மையான அப்கிரேட். இருக்கிற பம்பின் குணத்தை மாற்றுவது ஒரு வழி. வெளியேறும் ஃபிட்டிங்கின் துளையைப் பெரிதாக்கினால் லிட்டர் கூடும். விட்டத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் பரப்பு இருபத்தொரு சதவீதம் கூடும், ஆயிலும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். ஆனால் ஐடிலில் பம்பே தள்ளாத ஆயிலைத் துளை எங்கிருந்து கொண்டுவரும்? அங்கே இதனால் லாபம் இல்லை. லாபம் நடுத்தர வேகத்தில். அப்புறம் ஒரு பக்கவிளைவும் உண்டு. பாக்ஸிலுள்ள வால்வு வழியாகப் போகும் ஆயில் கூடினால், அழுத்தம் அதன் வர்க்கத்தில் கூடும். ஆயிலை 20 சதவீதம் கூட்டினால், கையின் அதே சின்ன அசைவுக்கு அழுத்தம் 44 சதவீதம் கூடுகிறது. நின்ற இடத்தில் சுகமாக இருக்கும். வேகமாகப் போகும்போது தும்மினாலே வண்டி லேன் மாறும்.

ரிலீஃப் அழுத்தத்தை மாற்ற, சாகினா பம்பில் ஸ்பூலின் முனையில் உள்ள சிறு பிளக்கின் அடியில் ஷிம்கள் (மெல்லிய வளையத் தகடுகள்) இருக்கும். ஒரு ஷிம்மை எடுத்தால் ஸ்பிரிங் இறுகி அழுத்தம் கூடும், சேர்த்தால் குறையும். ஷிம்மை எடுத்ததும் கேஜ் வைத்துப் பார்க்காமல் ஓட்டாதீர்கள். பாக்ஸுக்கும் ஹோஸுக்கும் எழுதப்பட்ட உச்ச அழுத்தம் ஒன்று உண்டு. பம்பின் ரிலீஃப் அதற்குக் கீழேதான் நிற்க வேண்டும். இன்னொன்று, அழுத்தத்தைக் கூட்டினால் அந்த விசை பாக்ஸோடு நிற்காது. பாக்ஸிலிருந்து வரும் பிட்மேன் ஆர்ம், இரு சக்கரங்களையும் இணைக்கும் டை ராட், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாக்ஸ் போல்ட் செய்யப்பட்டிருக்கும் ஃபிரேம், எல்லாம் அதைத் தாங்க வேண்டும். பெரிய டயர் போட்ட பழைய பிக்கப்புகளில் பாக்ஸைச் சுற்றி ஃபிரேமில் விரிசல் விடுவது தெரிந்த வியாதி. யாரையாவது ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் ஒடிக்கச் சொல்லிவிட்டு, கீழே படுத்துப் பாக்ஸையே பாருங்கள். பாக்ஸ் அசைந்தால் முதலில் ஃபிரேமுக்கு வலுப்படுத்தும் தகடு, அப்புறம் பம்ப்.

முழுப் பம்பையே வேறு வகைக்கு மாற்றுவது அடுத்த வழி. ஃபோர்டு வண்டிகளில் வந்த பிளாஸ்டிக் டேங்க் வைத்த சி-2 பம்ப் முனகலுக்குப் பெயர்போனது. அதை எடுத்துவிட்டு சாகினா போடுகிறவர்கள் நிறையப் பேர். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் தகரக் கூடு வைத்த பழைய பெரிய சாகினாவை எடுத்துவிட்டு, கச்சிதமான பிந்தைய வகையைத் தனி டேங்கோடு போடுவதும் வழக்கம். வேறு வகை போடும்போது நான்கு இடத்தில் இடிக்கும். பிராக்கெட் பொருந்த வேண்டும். பெல்ட்டின் வகை பொருந்த வேண்டும்; வி-பெல்ட் வண்டிக்குப் பட்டை பெல்ட் புல்லியோடு வந்த பம்ப் அப்படியே உட்காராது. சுற்றும் திசை பொருந்த வேண்டும். வேன் பம்ப் ஒரு திசைக்கு மட்டும் செய்தது, பெல்ட்டின் முதுகுப் பக்கம் ஓட்டினால் தலைகீழாகச் சுற்றி ஒன்றுமே தள்ளாது. கடைசியாக ஃபிட்டிங். பழைய வண்டிகளில் பைப் முனை விரித்த ஃபிளேர் வகை. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து மெட்ரிக் மரை, ஓ-ரிங் வகை. இரண்டும் ஒன்றில் ஒன்று பாதி வரை ஏறுவதுபோல் தோன்றும். ஏற்றாதீர்கள். பம்ப் பக்கம் ஒரு வகை, பாக்ஸ் பக்கம் இன்னொரு வகை என்று இருந்தால், இரண்டு முனையும் வெவ்வேறாக வைத்த புது ஹோஸ் செய்து வாங்கிவிடுவது நல்லது. அடாப்டர் மேல் அடாப்டர் போட்டால் ஒவ்வொன்றும் ஒரு கசியும் இடம்.

பிற்காலப் பம்புகளில் புல்லி ஷாஃப்டில் இறுக்கமாக அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும். எடுக்கப் புல்லர், ஏற்ற அதற்கென்றே உள்ள திருகுக் கருவி. சுத்தியலால் தட்டி ஏற்றினால் அடி நேராக ரோட்டருக்கும் பின்னாலுள்ள தகட்டுக்கும் போகும், புதுப் பம்ப் மாட்டிய அன்றே சத்தம் போடும். ஏற்றிய பிறகு எஞ்சின் புல்லியோடு நேர்கோட்டில் இருக்கிறதா என்று ஒரு நேர்ப்பட்டை வைத்துப் பாருங்கள், ஒன்றரை மி.மீ.க்கு மேல் விலகினால் பெல்ட் தின்னும்.

பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நிமிடத்துக்கு 10 லிட்டர், 100 பார் என்றால் 1.67 கிலோவாட். பம்பின் நஷ்டத்தையும் சேர்த்தால் 2 கிலோவாட்டைத் தாண்டும். ஐடிலில், சிறிய புல்லியில், தனி வி-பெல்ட்டில் அதை வாங்குவது லேசான விஷயம் இல்லை. லாக்கில் கீச்சென்று சத்தம் வந்தால் பம்ப் அல்ல, பெல்ட்தான் சறுக்குகிறது. கார்புரேட்டர் எஞ்சினாக இருந்தால் ஐடில் விழுந்து அணையவும் வாய்ப்பு உண்டு. ஒடிக்கும்போது ஐடிலைத் தூக்கும் சொலினாய்டு ஒன்று வைத்தால் இரண்டு தொல்லையும் ஒருசேரக் குறையும்.

அதே 1.67 கிலோவாட் லாக்கில் எங்கே போகிறது? சக்கரம் நகரவில்லை, வேலை நடக்கவில்லை, முழுவதும் சூடாகிறது. மின்சாரக் கெட்டில் ஒன்றைப் பம்புக்குள் போட்டதுபோல. ஒரு லிட்டர் ஆயிலுக்கு அது விநாடிக்கு ஏறத்தாழ 1 டிகிரி. ரிலீஃப் திறந்திருக்கும்போது ஆயில் பம்புக்குள்ளேயே சுற்றுவதால், உள்ளே இருக்கும் கொஞ்ச ஆயில் அதைவிட எவ்வளவோ வேகமாகச் சூடேறும். லாக்கில் ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்காதே என்பதற்குக் காரணம் இதுதான். பம்பைப் பெரிதாக்கினால் சூடும் பெரிதாகும் என்பதால், ரிட்டர்ன் வழியில் ஒரு கூலர் வைத்துவிடுங்கள். ஆயில் 120 டிகிரியைத் தாண்டத் தொடங்கினால் சீல் கெட்டியாகும், ஆயில் கருத்துக் கருகிய வாடை அடிக்கும்.

தனி டேங்க் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது உறிஞ்சும் ஹோஸ். டேங்க் பம்பைவிட உயரத்தில், ஹோஸ் 16 மி.மீ.க்குக் குறையாத உள்விட்டத்தில், முடிந்த அளவு குட்டையாக, வளைவில் மடியாமல் இருக்க வேண்டும். உறிஞ்சும் பக்கம் ஃபில்டர் போடவே கூடாது. ஃபில்டரின் இடம் ரிட்டர்ன் வழி. ரிட்டர்ன் குழாய் டேங்கில் ஆயில் மட்டத்துக்குக் கீழே திறக்க வேண்டும். மேலிருந்து கொட்டினால் நுரை கட்டும். நுரை பம்புக்குப் போனால் முனகல். புதுப் பம்ப் மாட்டியும் சத்தம் போகவில்லை என்று வருகிற புகார்களில் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த ஒரு அடி ஹோஸையும் அதன் கிளாம்பையும்தான். ஆயில் வெளியே கசியாமலே காற்று உள்ளே போகும்.

பிரேக்கும் இதே பம்பில் ஓடும் வண்டிகள் உண்டு. ஹைட்ரோபூஸ்ட் என்பார்கள், டீசல் பிக்கப்புகளில் வேக்குவம் இல்லாததால் வைத்தது. பம்பிலிருந்து ஆயில் முதலில் பூஸ்டருக்கு, அங்கிருந்து பாக்ஸுக்கு, பிறகு டேங்குக்கு. பூஸ்டரின் ரிட்டர்ன் தனியாக, தடையில்லாமல் டேங்குக்குப் போக வேண்டும். அதில் எதிரழுத்தம் வந்தால் பிரேக் தானாகப் பிடித்தபடி நிற்கலாம். உங்களுடையது அப்படியென்றால் ஹோஸைக் கழற்றும் முன் எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடல் கனமாகும் வரை பலமுறை மிதித்து, அக்குமுலேட்டரில் தேங்கியிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றிவிடுங்கள். இந்த வண்டிகளில் ஒடித்துக்கொண்டே பிரேக் மிதிக்கும்போது இரண்டும் ஒரே ஆயிலுக்குப் போட்டி போடும். அதனால் பெரிய பம்பினால் மெய்யாகவே பலன் பெறுகிறவர்கள் இவர்கள்தான்.

நேர்மாறான தவறும் நடக்கிறது. ரேக் ஸ்டீயரிங்குக்கு மாற்றிய டிரக்கில் பழைய பாக்ஸுக்கான பம்பை அப்படியே விட்டுவிடுவார்கள். பல ரேக்குகள் குறைந்த ஆயிலும் குறைந்த அழுத்தமும் கேட்பவை. அங்கே செய்ய வேண்டியது பம்பைக் குறைப்பது: சின்னத் துளை, கூடுதல் ஷிம்.

பாரம் ஏற்றும் கனரக லாரி என்றால் கதை வேறு. பம்ப் எஞ்சின் கியரில் நேராக ஓடும். அழுத்தம் 150 பாரையும் தாண்டும். பாக்ஸின் தகட்டில் உச்ச அழுத்தமும் வேண்டிய லிட்டரும் பொறித்திருக்கும். அதைப் பார்த்து அதற்கேற்ற பம்ப் போடுவதைத் தவிர வேறு யோசனைக்கு இடமில்லை. பாக்ஸையோ டயர் அளவையோ மாற்றினால், சக்கரம் ஸ்டாப்பில் முட்டும் முன்பே அழுத்தத்தை இறக்கிவிடும் லிமிட்டர் பின்களையும் மறுபடி செட் செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டால் ஒவ்வொரு முழு ஒடிப்பிலும் முழு விசையும் ஆக்ஸிலில் இறங்கும்.

மின்சாரப் பம்ப் போடலாமே என்பவர்களுக்கு: நவீன கார்களில் வரும் எலக்ட்ரோ-ஹைட்ராலிக் பம்ப் 12 வோல்ட்டில் 70 ஆம்பியர் இழுத்தாலும் 840 வாட். மேலே போட்ட கணக்கில் நமக்கு அதன் இரண்டு மடங்கு வேண்டும். லேசான பிக்கப்புக்குச் சரி, அகல டயர் போட்ட டிரக்குக்குப் போதாது. சேற்றிலும் பாறையிலும் ஓட்டுகிறவர்களுக்கு, பம்போடு சேர்த்து டை ராடில் ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர் வைப்பது நல்ல வழி. பாக்ஸின் பாரத்தை அது பங்கிட்டுக்கொள்ளும். அந்தச் சிலிண்டரை நிரப்பும் ஆயிலையும் லிட்டர் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, பம்ப் தேர்வாகிவிட்டது. மாட்டும் முன் பழைய ஆயில் முழுவதையும் வெளியேற்றுங்கள். பழைய பம்ப் தேய்ந்து செத்ததென்றால் அதன் இரும்புத் தூள் பாக்ஸிலும் ஹோஸிலும் கூலரிலும் இருக்கிறது. புதுப் பம்பின் முதல் எதிரி அதுதான். ரிட்டர்ன் ஹோஸை ஒரு கேனில் விட்டு, முன் சக்கரங்களைத் தூக்கி, எஞ்சினை அணைத்த நிலையிலேயே ஸ்டீயரிங்கை இரு பக்கமும் மாறி மாறி ஒடித்தால் பாக்ஸில் உள்ளது வெளியே வரும். டேங்கில் புது ஆயில் ஊற்றிக்கொண்டே, வெளியே வருவது தெளியும் வரை செய்யுங்கள். பிரஷர் ஹோஸ் பழையது என்றால் இப்போதே மாற்றிவிடுங்கள், கூடிய அழுத்தத்தில் முதலில் வெடிப்பது அதுதான். ஆயில் எது என்பதற்கு வண்டியின் கையேட்டைவிடப் புதுப் பம்பின் தயாரிப்பாளர் சொல்வதைக் கேளுங்கள். பழைய டிரக்குகள் பலவற்றில் ஆட்டோமேட்டிக் கியருக்கான ஏடிஎஃப் ஆயில்தான், சிலவற்றில் தனிப் பவர் ஸ்டீயரிங் ஆயில். இரண்டையும் கலக்க வேண்டாம். பிரேக் ஆயில் ஒரு சொட்டுகூட இதில் போகக் கூடாது, ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

காற்று எடுப்பதில் பொறுமைதான் கருவி. டேங்கை நிரப்பி, சக்கரங்கள் தூக்கிய நிலையில், எஞ்சின் ஓடாமல், ஸ்டீயரிங்கை மெதுவாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்துக்கொண்டே இருங்கள். டேங்கில் குமிழி வருவது நிற்கும் வரை, மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டு. இருபது முறையாவது ஆகும். அதன் பிறகு எஞ்சினைச் சில விநாடி மட்டும் ஓட்டி அணைத்து, மட்டம் பாருங்கள். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பால்போல வெளுத்தால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது. ஓட்டிக்கொண்டே இருந்தால் அது இன்னும் நுண்ணிய நுரையாகும். அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள், நுரை தானாக மேலே வந்து உடையும். மறுபடி தொடங்குங்கள்.

எல்லாம் முடிந்து சக்கரங்களைத் தரையில் இறக்கியதும், கேஜை மறுபடி மாட்டி ரிலீஃப் அழுத்தத்தை ஒருமுறை பார்த்து எழுதி வையுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் பெல்ட் இறுக்கம், பிராக்கெட் போல்ட்டுகள், ஃபிட்டிங் கசிவு, ஆயிலின் நிறம் இந்த நான்கையும் பாருங்கள். ஆயில் அதற்குள் சாம்பல் நிறமாகியிருந்தால் பழைய தூள் இன்னும் உள்ளே சுற்றுகிறது. ரிட்டர்ன் ஃபில்டரோடு ஆயிலை மறுபடி மாற்றிவிடுங்கள்.